கோடிச் சேலையும் மீன்கடை ஐஸும்

சென்ற வாரம் ரேவதி போன் செய்தாள். மலை மேல் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது என் இடத்தில் இருக்கும் சிஸ்டர் அவள். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருக்கிறாள். நின்றுபோன இதயத்தைத் திரும்ப ஓடவைத்த பிறகும் நினைவு வராமல் கிடக்கும் நோயாளிகளை ஐஸ் வைத்துக் குளிர வைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் கற்றிருந்தோம். அது இப்போது மாறிவிட்டதாம். அவ்வளவு குளிர வேண்டியதில்லை, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் போதும் என்று வகுப்பில் சொன்னார்களாம்.

"அப்போ நீங்க அந்த அண்ணாமலைக்கு ஐஸ் வச்சதெல்லாம் வேஸ்ட்டா மேடம்?" என்று கேட்டாள்.

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களுக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கும் என்று வேலையில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அவர்கள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நான் வாணியம்பாடிக்காரி. பெயர் நூர்ஜஹான். நர்சிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நன்றாகக் கற்றுக்கொண்டோமா என்று பார்க்க மறுபடியும் விரிக்கச் சொன்னார்கள். அப்புறம் சான்றிதழ் கொடுத்தார்கள். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தோல் மண்டியில் வேலை பார்த்த அப்பா, மலைக்குப் போகிறேன் என்றதும் கடைக்குப் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்து கொடுத்தார். அவர் சம்மதம் சொல்லும் முறை அது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை நான் விடவில்லை.

எங்கள் பெரிய டாக்டர் கண்ணபிரான் மதுரைப் பக்கத்துக்காரர். வெயிலில் வளர்ந்த உடம்பு. மலைக்கு வந்த முதல் நாள் குரங்குக் குல்லாய் ஒன்றை மாட்டியவர், பிறகு கழற்றவே இல்லை. சித்திரையிலும் அதே குல்லாய்தான். அவர் தலையில் முடி இருக்கிறதா இல்லையா என்று வார்டில் நாங்கள் இரண்டு கட்சியாக இருந்தோம்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எந்த உத்தரவு போட்டாலும், போட்ட கையோடு, "சொல்லுங்க சிஸ்டர், நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்பார். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எந்தக் கையில் போட வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தவறினால் திட்ட மாட்டார். முதலிலிருந்து அதே குரலில் இன்னொரு முறை சொல்வார். திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும். கேண்டீனில் டீ சொன்னாலும் அந்தப் பையனிடம் இதே கேள்விதான். அதனால் எங்கள் கேண்டீனில் டாக்டருக்கு மட்டும் ஒரு நாளும் சர்க்கரை தப்பியதில்லை.

குளிர வைக்கும் சிகிச்சையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இதயம் நின்ற நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகாது. இதயம் திரும்ப ஓடத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அடிபட்ட மூளை அதற்குப் பிறகுதான் வீங்கத் தொடங்கும், கெடத் தொடங்கும். அந்த நேரத்தில் உடம்பைக் குளிரவைத்தால் மூளை தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், சேதமும் குறையும். கழுத்தின் இரண்டு பக்கம், இரண்டு அக்குள், இரண்டு தொடை இடுக்கு, இங்கெல்லாம் பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. அங்கே ஐஸ் வைக்க வேண்டும். தோலில் நேராக வைக்கக் கூடாது, துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். உடம்பு நடுங்கினால் அது தன்னைத் தானே சூடேற்றிக்கொள்ளும், ஆகவே நடுக்கத்தை மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். சாதாரணமாக முப்பத்தேழு டிகிரியில் இருக்கும் உடம்பை முப்பத்து மூன்றுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்கும் ரொம்பக் கீழே போனால் இதயம் மறுபடி தாளம் தப்பும். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பழைய சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

வாட்ச்மேன் ஏழுமலையைக் கட்டிலில் படுக்க வைத்துத்தான் இந்தப் பாடத்தை நடத்தினார். ஏழுமலை அக்குள் வரைக்கும் ஒத்துழைத்தார். அதற்கு மேல் எழுந்து போய்விட்டார். பாதிப் பாடத்தை நாங்கள் கற்பனையில்தான் படித்தோம்.

முதலில் குளிரவைத்தது, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மலை ஏறி வந்திருந்த ஒடுகத்தூர் வேர்க்கடலை வியாபாரி ஒருவரை. தடுப்பூசி எடுத்துப் போகும் பெட்டியில் வைக்கிற ஐஸ் பேக்குகளை அவர் உடம்பைச் சுற்றி அடுக்கி, ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பினோம். அவர் பிழைத்துக்கொண்டார், கடையும் நடத்தினார். ஐஸ் பேக்குகள் மட்டும் திரும்பி வரவில்லை. தடுப்பூசிப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் அதன் பிறகு என்னிடம் நெடுநாள் பேசவில்லை. மிச்சம் இருந்த பேக்குகளை அவர் பூட்டி வைத்துவிட்டு, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணாமலை வந்தது ஒரு சந்தை நாளில். சாமையும் புளியும் விற்க வந்தவர், மூட்டையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி காசியம்மா அவரை ஒரு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தாள். பெயர் பதியும் இடத்தில், என் கண் முன்னால், சரிந்து விழுந்தார். நாடி இல்லை. அங்கேயே தரையில் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். ஆள் மாற்றி ஆள் அழுத்தினோம். டாக்டர் ஓடி வந்து ஷாக் கொடுத்தார், மறுபடி அழுத்தினோம், மறுபடி கொடுத்தார். நாடி வந்தது. ஈசிஜி மாரடைப்பு என்று காட்டியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட்டாயிற்று. ஆனால் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் அசைவில்லை, கிள்ளினால் அசைவில்லை. தொண்டையில் குழாய் போட்டு எங்களிடம் இருந்த ஒரே வென்டிலேட்டரில் இணைத்தோம்.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் வழி இல்லை. இரண்டு நாளாக நல்ல மழை. ஆலங்காயம் போகும் மலைப்பாதையில் அன்று காலைதான் பாறை உருண்டிருந்தது. அந்தப் பக்கம் போளூர் ரோட்டிலும் மண் சரிவு. டாக்டர் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இங்கேயே குளிர வைப்போம்" என்றார். நான் திருப்பிச் சொன்னேன்.

ஐஸுக்கு எங்கே போவது? பூட்டி வைத்த பேக்குகளை அன்று தடுப்பூசி சிஸ்டர் தானாகவே திறந்து கொடுத்தார். அதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் அவை போதவில்லை. ரோடு அடைபடும் முன்பே மலை ஏறிவிட்ட மீன் வண்டி ஒன்று சந்தையில் நிற்பது நினைவுக்கு வந்தது. மீன் விற்கிற பாய் எங்கள் ஊர்க்காரர். ஏழுமலையை அனுப்பினேன். ஏழுமலை சந்தைக்கு நடுவில் நின்று, "அண்ணாமலைக்கு ஐஸ் வோணுமாம், இருக்கிறதெல்லாம் குடு பாய்" என்று கேட்டிருக்கிறார். பாய் ஒரு கணம் தலையைக் குனிந்துவிட்டு, மீனை எல்லாம் தார்ப்பாயில் கொட்டி, ஐஸை முழுக்க அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐஸை உடைத்துப் பாலித்தீன் பையில் கட்டி, துணி சுற்றி, அந்த ஆறு இடத்திலும் வைத்தோம். சூட்டைக் காட்டும் ஒயரை மூக்கு வழியாக இறக்கினோம். வார்டு முழுக்க வஞ்சிர வாடை. எண் இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் இறங்கியது, அப்புறம் நின்றது. பிறகு ஏறியது. டாக்டர் ஒயரைச் சரி பார்த்தார், மெஷினைத் தட்டிப் பார்த்தார், நடுக்க மருந்தைக் கூட்டினார். எண் மறுபடியும் ஏறியது. மருத்துவத்தில் இதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று என்னிடம் வரிசையாகச் சொன்னார். அவர் முடிக்கும் முன்பே நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன்.

உள்ளே ஒரு கறுப்புக் கம்பளி. அதற்குள் கால் பக்கம் ஒரு குளிர்பான பாட்டில், அதில் டீக்கடை வெந்நீர். உள்ளங்கால் இரண்டிலும் சாம்பல் தேய்த்திருந்தது. காசியம்மா சுவரோரம் ஒன்றும் தெரியாதவள்போல நின்றுகொண்டிருந்தாள். ஐஸ் பைகளை நான் சரிசெய்துவிட்டு அந்தப் பக்கம் போவதும், இவள் இந்தப் பக்கம் வந்து சூடேற்றுவதுமாக அன்று பாதிப் பகல் போயிருக்கிறது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"சில்லுனு கீறாரு சிஸ்டரு. சில்லுனு ஆனா உசுரு போயிரும். இத்தக்கூட படிக்கலியா நீங்க?"

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார். நோயாளி வீட்டாரிடம் அவர் நின்றுகொண்டு பேசியதே இல்லை. "அம்மா, நீங்க சூடாக்குறீங்க, நான் குளிர வைக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து அவரப் படுத்துறோம். கால் சுளுக்கி வீங்கினா பச்சத் தண்ணிதான ஊத்துவீங்க? இப்ப அவருக்கு மூளை சுளுக்கியிருக்குன்னு வச்சுக்குங்க. வீங்க விட்டா, உயிர் இருக்கும், ஆனா உங்கள அடையாளம் தெரியாது. அது நடக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ பாடு."

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு டாக்டரின் தலையைப் பார்த்தாள். "குளுருல கீறது நல்லதுன்னா நீ இன்னாத்துக்குக் குல்லா போட்டுக்கினு கீற?"

டாக்டர் குல்லாயைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முடி இருந்தது, நிறையவே இருந்தது. எங்கள் கட்சி தோற்றது. அண்ணாமலையைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவரும் வரை தானும் அதைப் போடப்போவதில்லை என்றார். காசியம்மா குனிந்து கம்பளியைச் சுருட்டி எடுத்தாள். பாட்டில் வெந்நீரை வாஷ்பேசினில் ஊற்றினாள். முழு மனதோடு செய்தாள் என்று சொல்ல மாட்டேன். ஊற்றிவிட்டு வெகுநேரம் அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் வாக்கில் காசியம்மாவின் தம்பி கோவிந்தன் வந்தார். கூட அண்ணாமலையின் பங்காளிகள் நான்கைந்து பேர். கோவிந்தன் கையில் ஒரு மஞ்சள் பை. வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார். சந்தையில் ஐஸ் கேட்டதுமே சேதி மலை முழுக்கப் போயிருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு மனிதருக்கு ஐஸ் வாங்கினால் காரணம் ஒன்றுதான். வெளியூர் போன பிள்ளைகள் வந்து சேரும் வரை உடம்பு தாங்க வேண்டும், அதற்குத்தான். பாய் காசு வாங்காததும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோவிந்தனும் முறைப்படி கடைக்குப் போய், மாமன் உடம்பில் போர்த்த ஒரு கோடி வேட்டியும், தாலி இறக்கும்போது அக்காவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போட வேண்டிய கோடிச் சேலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

உயிர் இருக்கிறது என்று நான் சொன்னதும் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர், "மெசின் மூச்சு வுடுது. அவரு வுடல" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. உயிர் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், ஆஸ்பத்திரியில் போனால் நல்லதில்லை, ரோடு இல்லாவிட்டால் கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். டாக்டர் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார். குழாயை எடுத்தால் வழியிலேயே போய்விடுவார், வைத்திருந்தால் வாய்ப்பு இருக்கிறது, எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, கூட்டிக்கொண்டு போவதென்றால் தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் என்ன? நெஞ்சை அழுத்தி அழுத்தி என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்த மனிதரைத் தூளியில் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

போதாததற்கு ஐஸ் தீர்ந்துவிட்டது. பைகளில் தண்ணீர்தான் இருந்தது. எண் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னிடம், "அந்தத் தண்ணிய பக்கெட்ல ஊத்துங்க. மெல்லிசு பருத்தித் துணி நனைச்சு உடம்பு மேல விரிச்சு, ஃபேன் போடுங்க. சொல்லுங்க, நான் என்ன சொன்னேன்?" என்றார்.

சொன்னேன். கூடவே, மழையில் காயாத பெட்ஷீட்டுகள் எல்லாம் கெட்டித் துணி, மெல்லிசாக வார்டில் எதுவும் இல்லை என்றும் சொன்னேன்.

காசியம்மா தம்பி கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கினாள். உள்ளே கையை விட்டுச் சேலையை எடுத்தாள். கடை மடிப்புக் கலையாத பருத்திச் சேலை. அதை உதறிப் பிரித்து, அந்த மீன் தண்ணீர் பக்கெட்டுக்குள் அமுக்கினாள்.

கோவிந்தன் பதறிவிட்டார். "அக்கா, அது கோடி."

"தெரியும். எனக்குத்தான எடுத்தாந்த?"

"அதுக்குன்னு இப்பிடியா பண்ணுவ?"

"எனக்குனு எடுத்தாந்தத நான் இன்னா பண்ணா உனக்கின்னா? வூட்டுக்குத் திருப்பி எடுத்துனு போவ முடியாது இல்ல? இங்கயே கெடக்கட்டும். அந்த முனைய புடி, பிழியணும்."

கோவிந்தன் பிடித்தார். இரண்டு பேரும் முறுக்கிப் பிழிந்தார்கள். அவள் அதைக் கழுத்திலிருந்து கால் வரை புருஷன் மேல் விரித்தாள். நான் ஃபேனைப் போட்டேன். சேலை காய்ந்ததும் வேட்டி, வேட்டி காய்ந்ததும் சேலை என்று மாற்றி மாற்றி அவளே நனைத்துப் போட்டாள். பங்காளிகள் சற்று நேரம் நின்றார்கள். கோடி இரண்டும் இப்படி ஆகிவிட்ட பிறகு, அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் முறையில் ஏதும் சொல்லியிருக்கவில்லை போலும். ஒவ்வொருவராக வெளியே போய், டீ குடிக்க உட்கார்ந்தார்கள். தூளி என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. துணியை நனைத்தோம், எண்ணைப் பார்த்தோம். மறுநாள் மெதுவாகச் சூட்டைக் கூட்டினோம். காசியம்மாவிடம் டாக்டரே கம்பளியைக் கேட்டு வாங்கிப் போர்த்தினார். குல்லாயை மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கண் திறக்கட்டும் என்றார். தும்மிக்கொண்டே சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் மயக்க மருந்தை நிறுத்தினோம். மூச்சு தானாக வந்தது, அண்ணாமலை கண்ணைத் திறந்தார். திறந்த கண் எதையும் பார்க்கவில்லை. கண் திறந்தும் ஆள் திரும்பாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். காசியம்மாவை அவர் முகத்துக்கு நேராக நிறுத்தினோம். அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. கையை அமுக்கச் சொன்னோம், அமுக்கினார். அது போதாது என்று டாக்டர் முகத்தில் தெரிந்தது. குழாயை எடுத்தோம், இருமினார். எல்லோரும் காத்திருந்தோம். அவர் மூக்கைச் சுருக்கினார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"இன்னாடி நாத்தம் இது. மீனா கழுவுன?"

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க சிஸ்டர், அவர் இப்ப என்ன சொன்னாரு?" என்றார்.

"மீன் நாத்தம் அடிக்குதுன்னு சொன்னார் டாக்டர்."

"சரி" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். நான் அழுதேன். அழுததில் வெட்கம் ஒன்றும் இல்லை. காசியம்மா அழவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சேலையைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். நாற்றம் போகவில்லை என்று மறுபடியும் துவைத்தாள்.

பாதை திறந்ததும் அண்ணாமலையைக் கீழே அனுப்பினோம். இதயத்தில் அடைப்பை எடுத்துக்கொண்டு நல்லபடியாகத் திரும்பி வந்தார். வேட்டியை அவரே கட்டிக்கொண்டார். தன் கோடி வேட்டியைத் தானே கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தவர் அந்த மலையில் அவர் ஒருவர்தான். சேலையைக் காசியம்மா எடுத்துப் போகவில்லை. கோடி வீட்டுக்குள் வரக் கூடாது என்று வார்டிலேயே விட்டுவிட்டாள். காய்ச்சலில் தூக்கிப் போடும் குழந்தைகளுக்கு ஈரத்துணி போர்த்த அதைத்தான் எடுப்போம். அந்த அளவுக்கு மெல்லிசாக வேறு துணி எங்களுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று அண்ணாமலையும் அவளும் பார்க்க வந்தார்கள். அவள் கொடியில் கிடந்த சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குப் போட வேண்டியத அன்னிக்கே அவருக்குப் போட்டாச்சு. இனிமே எமன் வந்து கேட்டா இல்லன்னு சொல்லி அனுப்பிடுவேன்" என்றாள்.

ரேவதிக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்காகக் கண்ணபிரான் டாக்டருக்கும் போன் செய்தேன். மதுரைப் பக்கம் வீட்டோடு இருக்கிறார். அவர் மனைவி சொல்லக் கேட்டேன், இப்போது குல்லாய் இல்லையாம், நாள் முழுக்க விசிறிதானாம். விஷயத்தைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். "வெந்நீர் பாட்டிலு, கம்பளி, உருகின ஐஸு, மீன் தண்ணி. நாம எங்க சிஸ்டர் முப்பத்து மூணுக்குப் போனோம்? ஏறி இறங்கிப் பாத்தா இவங்க இப்ப சொல்ற சூட்டுக்குப் பக்கத்துலதான் அந்த மனுஷன் கெடந்திருக்கான்" என்றார். அவரைப் பிழைக்க வைத்தது குளிரா, நெஞ்சை அழுத்தியதா, ஊசியா, வேறு எதுவுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். முன்பும் அவர் கூட்டிச் சொன்னதில்லை.

அன்று தூளி கட்டியிருந்தால் அண்ணாமலை இல்லை. அது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சாயங்காலம் ரேவதியைக் கூப்பிட்டேன். "வேஸ்ட்டா இல்லியான்னு எனக்குத் தெரியாதும்மா. காய்ச்சல் வராமப் பாத்துக்கணும்னுதான இப்ப சொல்றாங்க? அதுக்கு நனைச்சுப் போட மெல்லிசா ஒரு துணி வேணும். எங்கிட்ட ஒரு சேலை இருக்குது. வார்டுலேருந்து ரிட்டயர் ஆகி வரும்போது எடுத்துக்கினு வந்துட்டேன், தப்புதான். நாளைக்கு மலை பஸ்ல கண்டக்டர் கிட்ட குடுத்து அனுப்புறேன். எடுத்துப் பீரோல வச்சிடாத. வார்டுலயே போட்டு வை."

"யாரு சேலை மேடம்?" என்றாள்.

"அது காசியம்மாவுக்கு எடுத்தது. அவங்க இன்னும் கட்டல."